மூடுபனிக்குள் ஓடிய ஜெனிபர்

பள்ளிவாசல் என்ற மலையூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். வருடந்தோறும் பிள்ளைகளின் உடல்தகுதியை அளப்போம். கடைசியாக ஓட்டம்: ஸ்பீக்கரில் பீப் ஒலிக்க ஒலிக்க, இரு கோடுகளுக்கு நடுவே போய்த் திரும்ப வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு பீப்புக்குப் பிள்ளைகள் வெண்மைக்குள் கரைவார்கள். அடுத்ததற்குத் திரும்பி வருவார்கள். கனவு காண்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒவ்வொருவராக ஓய்ந்து உட்கார, ஒன்பதாம் வகுப்பு ஜெனிபரின் காலடி மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பதறி ஓடினேன். தேயிலைச் செடியோரம் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது, முகத்தில் மட்டும் சிரிப்பு. "காலே தரையில படல டீச்சர். மேகத்துல ஓடுற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

பின்னால் வந்த அவள் தோழி அழுதாள். "தவக்கால வெள்ளிக்கிழமல்லா டீச்சர். அவ அம்மா ஆஸ்பத்திரியில கிடக்காங்க. குணமாகணும்னு ஒருசந்தி இருக்கா. நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

பாலில்லாமல் சர்க்கரை போட்ட கட்டன்சாயா உள்ளே போனதும்தான் அவள் கை சூடானது. எனக்கும் உயிர் வந்தது. உயரம், எடை, கைப்பிடியின் பலம் எல்லாம் அளந்த நான், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன். தவக்கால வெள்ளிகளில் ஓட்டமே வைப்பதில்லை. மறுகோடு கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் இல்லை.

ஈஸ்டர் முடிந்து ஜெனிபர் மறுபடி ஓடினாள். நல்ல வெயில். வேலியோரம் அவள் அம்மா, கையில் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தார்.