முப்பத்துமூன்றில் ஓடிய தட்டு

பொன்மணிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்திருந்தால் இதையும் விமர்சனம் செய்து என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

என் பெயர் ஆனந்தகுமார். மாநகராட்சி சுகாதாரப் பிரிவின் வட்டார ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். வருகிற தபாலை வாங்கி, பதிவேட்டில் நம்பர் போட்டு, மேஜைக்கு மேஜை கொண்டுபோய் வைக்கிற வேலை. அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தார். என்னை மட்டும் செங்கோட்டையில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். அதனால்தான் எனக்குத் தமிழ் எழுத வருகிறது. மற்றபடி பெரிய உபயோகம் எதுவும் இல்லை.

பொன்மணி எங்கள் துப்புரவுப் பணியாளர். வயது முப்பத்தொன்று. காலை ஐந்தரைக்கு பஜார் ரோட்டில் துடைப்பத்தோடு நிற்பாள். இஞ்சி மண்டிகளுக்கு முன்னால் கிடக்கிற சாக்குத் தூசியும் தோலும் அவள் பங்கு. மதியம் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலகத்தில் இருப்பதிலேயே சத்தமான பாட்டுகளைக் கேட்டு மலையாளத்தில் விமர்சனம் எழுதுவாள். அவள் இணையப் பக்கத்தைக் கேரளத்திலும் பெங்களூரிலும் வாசிக்கிறவர்கள் உண்டு. எழுதுவது பெண் என்றோ, துடைப்பம் பிடிக்கிறவள் என்றோ அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நானும் அந்தப் பாட்டைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டு நாற்பது விநாடி. என்ன சொல்கிறான் என்று ஒரு எழுத்தும் புரியாது. லாரியிலிருந்து தகரத்தை இறக்குகிறவனைப் பின்னால் இருந்து நாய் கடித்தால் அப்படி இருக்கும். இதை அவளிடமே சொன்னேன். சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள்.

"ஹார்ட்கோர் பங்க்னா கோபம், அண்ணா. அந்தக் கோபம் குளிக்காம பத்து வருஷம் கிடந்தா அது கிரஸ்ட். கோபப்படக்கூட நேரமில்லாதவன் பாடறது கிரைண்ட்கோர். மனசிலாச்சா?"

மனசிலானதாகத் தலையாட்டினேன்.

பினாலே என்கிற கலைக் கண்காட்சி நடந்த ஒரு வருஷம், மிளகு கோடவுன் ஒன்றில் வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். இவள் வாசலில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் அப்பா காளி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் வேலை இவளுக்கு வந்து இரண்டு மாதம். "என் உள்ளே கிடந்த சத்தத்தை எவனோ வெளியே எடுத்து வாசிக்கறான்னு தோணிச்சு" என்று பிறகு சொன்னாள்.

அந்த வேலை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சர்வீசில் இருக்கும்போது ஒருவர் செத்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு. மற்ற வாரிசுகள் தங்களுக்கு வேண்டாமென்று சம்மதபத்திரத்தில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டுத் தர வேண்டும். வேலைக்கு வருகிறவர் குடும்பத்தைக் காப்பாற்றுவேன் என்று எழுதித் தர வேண்டும். பொன்மணியின் அண்ணன் வெங்கிடேஷுக்கு அப்போதே ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் விசா தயாராக இருந்தது. துடைப்பம் அவனுக்கு எதற்கு? இரண்டு நிமிஷத்தில் ஒப்பு போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான். ஆனால் அந்த ஒப்பை, தங்கைக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவன் மாதிரி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான். "நான் விட்டுக்கொடுத்த ஜோலி. அம்மாவை நீதான் பார்க்கணும்." எனக்கு அவனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வேலையோடு வந்தது மாநகராட்சி குவார்ட்டர்ஸ். ஒரு அறை, ஒரு அடுக்களை. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். பொன்மணி அறையில் இருந்தால் அம்மா மாயம்மாள் அடுக்களையில் இருக்க வேண்டும், அல்லது கட்டில் மேல் ஏறிவிட வேண்டும். அந்த அறையில் ஒரு மூலையை ரெக்கார்ட் பிளேயர் பிடித்துக்கொண்டது. யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் விற்கிற கடையிலிருந்து வாங்கியது. பிளாஸ்டிக் உடம்பு, பழசாகவே தெரியவில்லை, எந்த வெள்ளைக்காரச் சாயிப்பும் கேட்கமாட்டான் என்று கடைக்காரர் சல்லிசாகத் தள்ளிவிட்டார். அதில் ஒரு குமிழ் உண்டு. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, நாற்பத்தைந்து சுற்று என்று இரண்டு வேகம். பெரிய இசைத்தட்டு முப்பத்துமூன்றில் ஓடும், சிறிய தட்டு நாற்பத்தைந்தில் ஓடும் என்று அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

குவார்ட்டர்ஸ் சந்துக்குள் தபால்காரர் வரமாட்டார். ஆகவே பாட்டுக் குழுக்கள் விமர்சனத்துக்கு அனுப்புகிற தட்டுகள் எங்கள் ஆபீஸ் முகவரிக்கு வரும். உறையில் மண்டையோடும் முள்கம்பியுமாக இருக்கும். ஒருமுறை சுகாதார இன்ஸ்பெக்டர் மேடம் பார்த்துவிட்டு, "இது விஷமருந்து சாம்பிளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி நான்தான் சமாளித்தேன்.

ஒரு தட்டை மூன்று தடவை கேட்டால்தான் எழுதுவாள். முதல் தடவை உறையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாம் தடவை மத்தி மீன் சுத்தம் செய்துகொண்டே. மூன்றாம் தடவை கேட்பதே இல்லை. மறுநாள் காலை பஜார் ரோட்டைப் பெருக்கும்போது அதில் எது மண்டையில் மிஞ்சியிருக்கிறதோ அதைப் பற்றி மட்டும் எழுதுவாள். எதுவும் மிஞ்சவில்லையென்றால் அதையும் எழுதுவாள். இரக்கம் கிடையாது. பாட்டில் கோபப்படுகிற மாதிரி நடிக்கிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

போன மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய தட்டு வந்தது. குழுவின் பெயர் இரும்புத்தூள். தட்டின் பெயர் கதவடைப்பு. பதினெட்டுப் பாட்டு. அதைப் பற்றி அவள் எழுதியதை ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு நினைவிருக்கிற வரையில் தமிழில் தருகிறேன்:

"இந்தத் தட்டில் யாரும் ஓடவில்லை. ஒருவர் மூடிய கதவு ஒன்றைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். திறக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. கை ஓயக்கூடாது என்பது மட்டும்தான். பத்தொன்பது நிமிஷம் அவரோடு நானும் நின்றேன். முடிந்த பிறகும் அங்கேதான் நிற்கிறேன்."

சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். குடிக்க மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தன்யா கூப்பிட்டாள். அந்தத் தட்டை வெளியிட்டவள், பெங்களூரில் சின்னதாக ஒரு தட்டுக் கடை வைத்திருக்கிறாள், திருச்சூர்க்காரி. பொன்மணி போனை ஸ்பீக்கரில் போட்டு என் மேஜைமேல் வைத்தாள்.

"எங்க தட்டை இப்படி யாரும் கேட்டதில்லை, சேச்சி" என்றாள் தன்யா மலையாளத்தில். கடையில் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டாள். வருகிற தட்டுகளைக் கேட்க வேண்டும், எழுத வேண்டும், கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது வாங்குகிறதைவிடச் சம்பளம் குறைவு. கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாட்டு வைக்கலாம், கீழே கடைதான்.

சம்பளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஹெட்போன் வேண்டாமா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

அன்றே ஐந்து வருஷச் சம்பளமில்லா விடுப்புக்கு விண்ணப்பம் எழுதினோம். எழுதியது நான், ஒப்பு அவளுடையது. விடுப்பு கிடைத்தால் வேலை போகாது, ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மாயம்மாள் எங்கே இருப்பாள் என்பதுதான் கேள்வி. வெங்கிடேஷ் பக்கத்துப் பள்ளுருத்தியில் வீடு கட்டியிருக்கிறான். மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இரண்டு அறை பூட்டிக்கிடக்கிறது. அவனிடம் கேட்டாள்.

"பாட்டு கேட்கறதுக்கா போறே?" என்றான் போனில். "அம்மாவைப் பார்ப்பேன்னு எழுதிக் கொடுத்தது யாரு? எனக்கு அப்பவே தெரியும். நான் ஒப்பு போட்டதே பிழை."

மாயம்மாள் அழவில்லை, சத்தம் போடவில்லை. மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "நான் சாகற வரைக்கும் இருடி. அப்புறம் எங்கே வேணா போ."

ஏதோ ஓணம் வரைக்கும் இரு என்பது போலச் சொன்னாளாம். மாயம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. ரத்த அழுத்தம்கூடக் கிடையாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாள்.

பொன்மணி இரண்டு நாள் ஆபீஸ் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஆபீசுக்கு வந்து, "விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை பதிவேட்டிலே ஏத்துங்க, அண்ணா. அம்மா எப்படியும் அண்ணி வீட்டுக்குப் போயிடும்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னால் செய்ய முடியாததை ஒருத்தி செய்கிறாள் என்கிற சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும் சேர்ந்து.

சனிக்கிழமை மதியம், கொண்டுபோக வேண்டிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கதவடைப்பை வெளிச்சத்தில் திருப்பியபோது, பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுவில் ஒட்டிய காகிதத்துக்கும் இடையில், ஊசியால் கீறின மாதிரி ஏதோ தெரிந்தது. 45.

பெரிய தட்டுதான். ஆனால் சில குழுக்கள் பெரிய தட்டையும் நாற்பத்தைந்தில் ஓடும்படி வெட்டுவார்களாம். இது பங்க் கேட்கிற யாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கை பழக்கத்தில் குமிழை முப்பத்துமூன்றிலேயே விட்டுவிட்டாள். இரண்டு தடவை கேட்டும் சந்தேகம் வரவில்லை.

குமிழைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். பதினான்கு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கதவு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உடைத்துக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் எழுதினது அந்தத் தட்டைப் பத்தியே இல்லை, அண்ணா."

"யாருக்குத் தெரியப்போகுது? வாயை மூடிட்டு வண்டி ஏறு" என்றேன். இப்போதும் அதே யோசனைதான் சொல்வேன்.

அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே தன் பக்கத்தில் திருத்தம் எழுதிவிட்டாள். "தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டினேன். சரியான வேகத்தில் இவர்கள் தப்பித்துப் போகிறார்கள். கதவடியில் நின்றவள் நான் மட்டும்தான். இது நல்ல தட்டு. இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை." வேகம் பார்க்கத் தெரியாதவளுக்குக் கடையில் என்ன வேலை என்று தன்யாவுக்குத் தனியாகவும் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை விண்ணப்பத்தை எடுத்து நம்பர் போட உட்கார்ந்தேன். "கொஞ்சம் நில்லுங்க. அவ பதில் வரட்டும்" என்றாள். பதினோரு மணிக்குத் தன்யாவே கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே பேசினாள்.

"சேச்சி, எங்களுக்கு முதல் நாளே தெரியும். பதினாலு நிமிஷத் தட்டைப் பத்தொன்பது நிமிஷம்னு எழுதியிருந்தீங்களே! பசங்க அன்னிக்கு ராத்திரியே குமிழைத் திருப்பிப் போட்டுக் கேட்டாங்க. ஒருத்தன் அழுதுட்டான். தப்பான வேகத்திலே இவ்வளவு கேட்ட ஆளு எங்களுக்கு வேணும். எப்போ வர்றீங்க?"

நான் பேனாவை எடுத்தேன். பொன்மணி போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், விரட்டிப் பிடிக்கப்பட்டவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

"வேண்டாம்னு சொல்லுவாள்னு நினைச்சேன், அண்ணா."

"அப்போ எதுக்கு எழுதினே? நேர்மைக்காகன்னுல்ல நான் நினைச்சேன்?"

"நேர்மை ஒண்ணும் இல்லை. அவளே வேண்டாம்னு சொல்லிட்டா, நான் போகலைன்னு ஆகாதில்லை? அவங்க எடுக்கலைன்னு ஆயிடும். அம்மாவைக் குத்தம் சொல்ல வேண்டாம். என்னையும் வேண்டாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப கதவு திறந்து கிடக்கு. நான்தான் நிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வந்த கோபம் இல்லை அது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கும் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. ஒவ்வொன்றையும் யாரோ சாத்திவிட்டதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பம் பதிவேட்டில் ஏறவில்லை. என் இரும்பு அலமாரியில், பழைய பதிவேடுகளுக்கு அடியில் இருக்கிறது. எட்டு மாதமாகிறது. தன்யா மாதம் ஒரு தட்டு அனுப்புகிறாள். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில், "அறை காலியாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வரி இருக்கும். பொன்மணி அதைப் படித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். விமர்சனம் முன்னைவிட நன்றாக எழுதுகிறாள் என்று வாசிக்கிறவர்கள் சொல்கிறார்களாம். முதல் வரியில் ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறிப்பிடுகிறாள். கதவடைப்பை மட்டும் இன்னும் முப்பத்துமூன்றிலேயே ஓட்டுகிறாள்.

இந்த மாதத் தட்டு நேற்று வந்தது. என் மேஜைமேலேயே பிரித்தாள். உறையைக் கவிழ்த்து உதறினாள். உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். பார்சல் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். சீட்டு எதுவும் இல்லை.

தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அந்த விண்ணப்பக் காகிதம் உண்டுதானே, அண்ணா?"

"இருக்கு."

"நம்பர் போட்டுடாதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். "கிழிச்சும் போட்டுடாதீங்க."