அரைக்கால் கிழங்கு

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். இன்று பாக்கார் ஆராங் கடைத்தெருவில் என் பெயரைப் போட்ட கடை மூன்று. கணக்கில் என்னை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. யாரிடம் படித்தாய் என்று கேட்கிறார்கள். பிரிஜெட் டீச்சரிடம்.

மலாயாவில், பாடாங் மேஹா பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் காலம். பள்ளி வாத்தியாரையும் டீச்சரின் புருஷன் ஹெர்பர்ட்டையும் ஒரே லாரியில் ஏற்றி சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த பள்ளியை டீச்சர் தாமே போய்த் திறந்தார். நாங்கள் எட்டுப் பேர்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி பரஞ்சோதி டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "மாசக் கடைசியில வந்து கணக்குக் கேப்பேன். பதில் வரலேன்னா பிள்ளைங்க எல்லாம் புல்லு வெட்டப் போகணும். மேலிடத்து உத்தரவு." பயந்துவிடுவோம் என்று டீச்சர் இதை எங்களிடம் சொல்லவில்லை.

சிலேட்டு இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் தாம் நட்ட மரவள்ளியில் ஒரு கிழங்கை அவித்துக் கொண்டுவருவார். அதுதான் அவருடைய பகல் சாப்பாடு. ஒல்லியான நுனிகளைத் தள்ளிவிட்டு, நடுத்துண்டை மட்டும் மேசையில் வைப்பார்.

"இதில பாதி அரை. அரையில பாதி கால். அந்தக் காலில அரை எவ்வளவு? அரைக்கால். பேரிலேயே பெருக்கல் இருக்கு பாருங்க."

குழந்தைவேலு எழுந்து தன் கால்சட்டையை இழுத்துக் காட்டினான். "அப்ப இந்த அரைக்கால் சட்டை எட்டில ஒரு பங்கா டீச்சர்?"

"உன் சட்டையில அவ்வளவுகூட மிச்சம் இல்லலா," என்றாள் குணவதி.

பிறகு வகுத்தல். ஒரு கிழங்கில் எத்தனை அரைக்கால் இருக்கிறது? வெட்டி எண்ணினோம். எட்டு. அரைக்காலால் வகுத்தால் ஒன்று எட்டாகிறது! வகுத்தால் கூடுகிறதே என்று வாயைப் பிளந்தோம். ஆளுக்கு ஒரு துண்டைத் தின்றோம்.

எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கும்தான். ஆனால் மறுநாள் டீச்சர் கேட்டதும் குணவதி, "விளங்கலே டீச்சர்," என்றாள். டீச்சர் மறுபடி வெட்டினார். அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. விளங்காத மாதிரி முழிப்பதில் நான்தான் முதல். நாளாக நாளாக டீச்சரின் கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டு நின்றது.

மாசக் கடைசியில் கிராணி வந்தார். மேசையில் அன்றைய கிழங்கு முழுதாக இருந்தது.

"அரையை அரைக்காலால வகுத்தா எத்தனை? நீ சொல்லு, பிள்ளே."

குணவதி கிழங்கைப் பார்த்தாள். "விளங்கலே ஐயா. வெட்டிக் காட்டினா விளங்கும்."

குழந்தைவேலுவும் அதையே சொன்னான். வரிசையாக எல்லோரும் சொன்னோம்.

"யோசிச்சுச் சொல்லும்மா," என்று டீச்சர் கெஞ்சினார். ஏன் கெஞ்சுகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

"மாசம் பூரா வெட்டிக் காட்டியும் இதானா, பிரிஜெட்டம்மா? நாளையிலேருந்து இவங்க புல்லு வெட்டட்டும்." கிராணி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வெட்டாததால் குணவதி கத்தியை எடுத்தாள். அரை, கால், அரைக்கால். ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் மயிரளவு வித்தியாசம் கிடையாது. "இந்த அரையில நாலு, அந்த அரையில நாலு," என்று எங்கள் கையில் வைத்தாள்.

டீச்சர் நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர். தெரியும்னு சொன்னா நீங்க வெட்டமாட்டீங்களே."

டீச்சர் செருப்பில்லாமல் ஆபீசுக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடி, ஜன்னலுக்கு வெளியே நின்று, "நாலு ஐயா! நாலு!" என்று கத்தினோம். கிராணி தலையைத் தூக்கவில்லை. "பேரெல்லாம் மேல போயாச்சும்மா."

மறுநாள் விடிந்ததும் எங்கள் கையில் அரிவாள் கொடுத்தார்கள். குழந்தைவேலு அந்த வேலையிலேயே காய்ச்சல் கண்டு செத்தான். பள்ளியை மறுபடி திறந்தது வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகுதான். அதே மேசையில் டீச்சர் இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் "விளங்கலே" என்றால் ஒருநாளும் அதட்டியதில்லை. முதலில், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்.