செபநேரத்தில் அடித்த மணி

மாரண்டஹள்ளிச் சந்தையிலிருந்து நடந்து வரும்போது என் மனைவி பிலோமினாவின் இடது கால் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. "ஏனுங்க, புதுச் செருப்பு, கால்ல நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள். வார் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினேன். செருப்பில் ஒரு குறையும் இல்லை. பாதத்தைத் தூக்க அவளுக்குப் பலமில்லை.

பெங்களூரில் பார்த்த டாக்டர் அதை இயக்க நரம்பு நோய் என்றார் (தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது). "மருந்து இல்லைங்க. கண்ணு மட்டும் அநேகமா கடைசி வரைக்கும் அசையும். அதை வச்சுப் பேசப் பழகிக்குங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவர் மேல் கோபமாக வந்தது.

கை போயிற்று, பிறகு நாக்கு. ரேடியோ ரிப்பேர் செய்வது என் தொழில். பேச்சு குழற ஆரம்பித்தபோது, "ஊரு ரேடியோவெல்லாம் பேச வைக்கிறீங்க, எனக்கும் எதாச்சும் பண்ணுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

பழைய ரேடியோவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியின் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டால், வெளிச்சம் பட்டதும் அது மின்சாரத்தை விடும். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் அதையும் ஒரு சின்ன பல்பையும் பொருத்தினேன். அவள் நேராகப் பார்த்தால் கருவிழி வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஓரமாகப் பார்த்தால் வெள்ளைவிழி திருப்பி அடிக்கும், சக்கர நாற்காலியில் கட்டிய மணி அடிக்கும். வெயிலில் கண்டபடி அடித்துத் தொலைத்தது. உள்ளறையில் உட்கார வைத்த பிறகுதான் சொன்னபடி கேட்டது. கேட்பதற்கு ஆமாம் என்றால் ஒரு மணி. இல்லை என்றால் சும்மா இருப்பாள்.

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து மண்டியிட்டுச் செபமாலை சொல்வார்கள். அவளுடைய அக்கா மரியம்மாதான் சொல்லிக்கொடுப்பார். முடிவில் அவள் குணமாக வேண்டும் என்று ஒரு மன்றாட்டு. அந்த இடம் வந்தால் மணி அடிக்கும்.

"விடுங்க தம்பி, மாதா படத்தத்தான் பாக்குறா" என்றார் அக்கா. படம் சுவரின் ஓரத்தில் இருந்தது. எல்லோரும் உருகிப்போனோம். கண் திருப்பச் சிரமப்பட வேண்டாமே என்று நாற்காலியைப் படத்துக்கு நேராகத் திருப்பிவைத்தேன். அன்றைக்கும் அதே இடத்தில் மணி அடித்தது.

செபத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். தண்ணியா? இல்லை. முதுகு வலிக்குதா? இல்லை. கேள்விகள் தீர்ந்துபோய், கடைசியில், "இந்தச் செபம் வேண்டாமா?" என்றேன்.

மணி அடித்தது.

நாற்காலிக்கு முன்னால் குனிந்து கேட்டேன். "சூசையப்பர்கிட்ட நல்ல மரணம் கேக்குற செபம் சொல்லட்டுமா?"

"தம்பி! உசுரோட இருக்குறவளுக்கா?" என்று அக்கா கத்தினார்.

மணி அடித்தது. அக்கா அழுதுகொண்டே அந்தச் செபத்தைச் சொன்னார். முடியும்வரை பிலோமினா கண்ணை மூடியிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தண்ணீர் கேட்க வழி செய்வதோடு நின்றுவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் வழி செய்யுங்கள். அதைக் கேட்கும் தைரியம் உங்களுக்கு வரவேண்டும், அதுதான் கஷ்டம்.

அதன்பின் கொஞ்ச காலம் இருந்தாள். அது அதிகமா, குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் விழித்ததும் நான் உடனே எழுவதில்லை. கை காலை அசைக்காமல், கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டு கிடக்கிறேன். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தால் போதும், கை தானாக எழுந்துவிடுகிறது.