இங்கிரிட், பூச நட்சத்திரம், கடக ராசி

காலை ஆறரைக்கு லண்டனின் மிட்சம் பகுதியில் ட்ராம் ஏறினால் ஏழு மணிக்கு முன் விம்பிள்டனில் இருப்பேன். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்துக் குளிசை கொடுத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பாணை வாட்டி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பதினெட்டு வருடமாகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. யாராவது சுகம் கேட்டால் "இருக்கிறன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் சொல்லக் களைப்பு.

இந்த வருடத் தொடக்கத்தில் என் முதல் வீடு ஒரு டென்மார்க்காரியுடையதாக மாறியது. எண்பத்தெட்டு வயது. நாடகங்களுக்குப் பொய்முடி செய்தவர். ஒவ்வொரு முடியாக வலையில் முடிந்து முடிந்தே நாற்பது வருடம் போனதாம். அவருடைய கோப்பின் மேலே இங்கிரிட் என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அது என் மகளின் பெயர்.

எங்கள் ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் "நீங்கள் வேதமோ?" என்று கேட்பார்கள். கிறிஸ்தவர்களோ என்று அர்த்தம். இல்லை, சைவம்தான். நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நானும் இவரும் வேலை செய்தோம். இவர் என்றால் என் கணவர். எங்களுக்கு மேலதிகாரியாக ஓர் இங்கிரிட் இருந்தார். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிடப் பெரிது. பேசிக்கொண்டே மீனை முள்ளில்லாமல் இரண்டாகப் பிளப்பார். எனக்கு வயிற்றுவலி கண்ட அன்று பனி கொட்டி வீதி மூடிவிட்டது. அவர் தன் காரில் என்னை ஏற்றி, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே மூன்று மணிநேரம் ஓட்டினார். காருக்குள் பெற்றுவிடாதே என்று வழி முழுக்க ஏச்சு வேறு. பிள்ளையை முதலில் கையில் வாங்கியவரும் அவர்தான். அவர் பெயரையே வைப்போம் என்று இவர் சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நன்றி என்று ஒன்று இருக்கிறதே.

மகளுக்கு ஆறு வயதாகும்போது லண்டனுக்கு வந்தோம். இங்கிலீஷ் படிப்பு, கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கே இருந்தன. முதல் வெள்ளிக்கிழமையே விம்பிள்டன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்குப் பின்னால் பட்டுச் சேலைகள் வரிசையில் நின்றன. இங்கிரிட் என்று சொல்ல நாக்குக் கூசியது. வாயில் வந்த ஒரு நல்ல தமிழ்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். பூச நட்சத்திரம், கடக ராசி என்றது மட்டும் உண்மை.

ஒரு தடவை சொன்னதைப் பிறகு எப்படி மாற்றுவது? அதே ஐயர், அதே வரிசை. சில மாதங்களில் நான் வாய் திறக்கும் முன் அவரே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மகளின் சோதனைக்கு, பிறந்தநாளுக்கு, கார் ஓட்டும் லைசென்சுக்கு என்று எல்லாவற்றுக்கும் இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் அர்ச்சனை நடந்தது.

பன்னிரண்டு வயதில் மகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, ஆர் அது?"

"நீதான்."

"நான் இல்லை. என்ரை பேரைச் சொல்ல உங்களுக்கு வெக்கம்."

சாமிக்கு ஆளைத் தெரியும் என்று சமாளித்தேன். அதன்பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. கூப்பிட்டால், "உங்கட மற்ற மகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பாள். பகிடியாகத்தான் சொல்வாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் தைக்கும்.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ரயில் பாலங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எஞ்சினியர். ஊரிலுள்ள பாலங்களையெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்கிறவளுக்குத் தன் கழுத்தில் இருந்த கட்டியைக் காண இரண்டு மாதம் எடுத்தது. ஊசி குத்திப் பார்த்தும் டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் அது புற்றுநோயா இல்லையா என்று தெரியும் என்றார்கள்.

அதற்கு முன் இரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியோடு வந்த ஜமெய்க்காப் பெண்ணின் சட்டையிலும் இங்கிரிட் என்றுதான் இருந்தது. மகள் அதைக் காட்டிச் சிரித்தாள், அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிரசவம் பார்த்த கன்னியாஸ்திரியின் பெயரைத் தன் அம்மா வைத்தாராம். அந்த அம்மா அதை யாருக்கும் மறைத்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

டென்மார்க்காரி முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருந்தார். மூத்தவரைப் பெயர் சொல்லுவது எங்கள் வளர்ப்பில் வராது. அதோடு அது என் மகளின் பெயர் வேறு. நான் மேடம் என்றே கூப்பிட்டேன். மறதி கூடக்கூட அவர் பதில் சொல்வது குறைந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மேடம், மேடம் என்று ஐந்தாறு தடவை கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். ஒன்றுமில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க நித்திரையும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்கிரிட்!" என்று கத்தினேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிய அதே குரல்.

உடனே திரும்பினார். என்னை நேராகப் பார்த்து, சட்டையைப் போடு என்பதுபோல இரண்டு கையையும் தூக்கினார். சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். சாமிக்கு ஆளைத் தெரியுமென்றால் பெயரை எதற்குக் கேட்கிறார்கள்? இருபத்தாறு வருடமாக நான் யாருக்காகக் கும்பிட்டேன்? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது என் வெட்கத்தால் வந்ததாகத்தான் இருக்கும் என்று பட்டது. படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அப்படித்தான் பட்டது.

அறுவைச் சிகிச்சையன்று இவர் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஐயருக்கும் தாடி நரைத்துவிட்டது. தட்டை வாங்கியதும் வழக்கம்போல அந்தத் தமிழ்ப் பெயரைத் தொடங்கினார்.

"ஐயா, இண்டைக்கு அந்தப் பேர் வேண்டாம்."

"வேறை ஆருக்கு அம்மா?"

"இங்கிரிட். பூச நட்சத்திரம், கடக ராசி."

பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். ஐயர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சங்கல்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னார். அங்கே அதைக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம், சோதனை முடிவு வர இன்னும் இரண்டு கிழமை ஆகுமாம். குரல் காற்றுப்போல வந்தது. நான் கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தேன்.

"ஆரின்ரை பேரிலை அர்ச்சனை?" என்று கேட்டாள்.

"உன்ரை பேரிலைதான். ஐயர், புதுசாப் பிறந்த பிள்ளையோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னனான்."

என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் கிடந்த முடியைத் தானே ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.