மகள் தோற்றாள் என்று சொன்னவர்

கடாவு தீவில் சமிசோனியின் ஊருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். ஊர்க்காரியம் பார்ப்பவர் அவர். பாதி புரிந்தாலும் முழுதும் புரிந்த மாதிரியே படிப்பார். மீதியைக் கேட்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

மகள் அசெனாதாவுக்குப் பிரிஸ்பேனில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தையும் சபையில் அவரே படித்தார். நாலு வருஷப் படிப்பு. பாதிச் செலவை உதவித்தொகை ஏற்றது. மீதிக்கு, முதல் வருஷக் கட்டணத்தை நாலால் பெருக்கி ஒரு தொகை சொன்னார். பள்ளி ஆசிரியை லிட்டியானா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டணம் வருஷா வருஷம் ஏறலாம் என்று அடியில் போட்டிருக்கிறதே என்றாள்.

"டீச்சர், பல்கலைக்கழகம் என்ன மீன் சந்தையா, காலைல ஒரு விலை சாயங்காலம் ஒரு விலை சொல்ல?" என்றார் சமிசோனி. சபை சிரித்தது. லிட்டியானா உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு குலத்தலைவர் முன்னால் திமிங்கிலப் பல்லை வைத்து உதவி கேட்டார். பல்லை வைத்துக் கேட்டபின் மறுப்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. அதோடு விட்டிருக்கலாம். இந்தப் படிப்புக்காக இன்னொரு தடவை வந்து நிற்கமாட்டேன் என்று, யாரும் கேட்காத வாக்கு ஒன்றையும் கொடுத்தார். வேரை இடித்துக் கரைத்துக் குடிப்பதற்காக வளர்க்கும் யங்கோனாச் செடிகளை, ஊரார் முற்றுமுன்பே பிடுங்கி விற்றுக் கொடுத்தார்கள்.

இரண்டாம் வருஷம் கட்டணம் ஏறியது. படகு எஞ்சினைச் சத்தமில்லாமல் விற்றுக் கட்டினார். மூன்றாம் வருஷமும் ஏறியது. உதவித்தொகை இருந்த இடத்திலேயே இருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அசெனாதாவின் பெயரை எடுத்துவிடுவார்கள். விற்க வீட்டில் ஒன்றுமில்லை.

யங்கோனாச் சட்டியைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருந்தபோது சமிசோனி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"பிள்ளை ரெண்டு பாடத்துல கோட்டை விட்டுட்டா. திரும்பப் படிக்கணுமாம். அதுக்குத் தனியாக் கட்டணுமாம்."

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை என்றால் தவறத்தான் செய்யும் என்றார்கள். ஒரே வாரத்தில் பணம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் அசெனாதாவுக்கு நல்ல புத்தி தரும்படி கண்ணீரோடு ஜெபித்தார். சமிசோனியும் ஆமென் சொன்னார். சொன்ன நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அன்று பிற்பகலே அசெனாதா போனில் வந்தாள்.

"அப்பா, எனக்காகக் கோயில்ல ஜெபம் பண்ணாங்களாமே. நான் எந்தப் பாடத்துலப்பா தோத்தேன்?"

வகுப்பில் அவள் இரண்டாவதாக வந்திருந்தாள். கட்டணம் ஏறியதை ஊரில் சொல்ல வாய் வரவில்லை என்றார் அவர்.

"சரி, சொல்லிட்டீங்க. நான் தோத்ததாவே இருக்கட்டும். நான் எங்கயோ இருக்கேன். அந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க வேண்டியவங்க நீங்கதானே."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை யங்கோனா வேர்க்கட்டோடு குலத்தலைவர் வீட்டுக்குப் போய், வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

குலத்தலைவர் உடனே வேரைத் தொடவில்லை; தொட்டால் மன்னித்ததாகிவிடும்.

"பணத்தை விடு. கேட்டிருந்தா குடுத்திருப்போம். பிள்ளை பேரை ஊர் பூராக் கெடுத்தியே. ஊர் பூராப் போய் நீயே திருத்து" என்றார்.

அடுத்த நாள் செய்ய வேண்டிய ஊர்வேலையை அந்தி நேரத்தில் வீடு வீடாகக் கூவிச் சொல்வது ஊர்க்காரியக்காரரின் வழக்கம். அன்றும் சமிசோனி கிளம்பினார். பாதையில் புல் வெட்ட வேண்டும் என்றார். பிறகு, அசெனாதா எதிலும் தோற்கவில்லை, கட்டணம் ஏறியதை மறைக்க நான்தான் பொய் சொன்னேன் என்றார். முதல் வீட்டில் குரல் எழும்பவில்லை. உள்ளேயிருந்து ஒரு கிழவர், "சத்தமாச் சொல்லுப்பா, காது கேக்கல" என்றார். இன்னொரு தடவை சொன்னார்.

லிட்டியானா துணி மடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் காதுபடவும் சொல்லி முடித்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே புல் வெட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

ஏழு மணிக்கு என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தார். இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது.