ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஜெபம்

அம்மா இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. நினைவுக் கூட்டத்துக்கு அச்சிடும் சிறு மலரில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். பிறந்த தேதி, வேலை பார்த்த வருடங்கள், பிள்ளைகள் என்று எழுதினால் அரைப் பக்கம் நிறையும். மீதிக்கு இதை எழுதுகிறேன்.

பெயர் யூனிஸ். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிளார்க். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு வருத்தப்படுவார்கள். யூனிஸக்கா ஜெபித்தால் சாம்பார் ஆறிவிடும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். சினிமாக் கொட்டகைக்குள் அவள் கால் வைத்ததில்லை. அது பாவம் என்று சொல்லி வளர்த்த வீடு.

எதிர்வீட்டு ஹெப்ரான் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தான். அதில் மூன்று நண்பர்கள் சேர்ந்து கம்பெனி தொடங்குகிறார்கள். சீவலப்பேரி டவுன் பஸ் எப்போது வரும் என்று செல்போனில் சொல்லும் செயலி. பஸ் வரும், செயலி சொல்லும் நேரத்தில் மட்டும் வராது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால் ஒலிப்பதிவு என் தலையில் விழுந்தது.

கம்பெனி தொடங்கும் காட்சியை எங்கள் வீட்டு மாடியில் எடுத்தோம். வீட்டுக்காரம்மாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் சாப்பாடு கொண்டு வந்தாள் அம்மா. ஹெப்ரான் பிடித்துக்கொண்டான்.

“ஆன்ட்டி, கம்ப்யூட்டரைத் தொடுததுக்கு முன்னால ரெண்டு வரி ஜெபம். அவ்வளவுதான்.”

“நடிக்கல்லாம் மாட்டேன்லே. ஜெபம் பண்ணச் சொன்னா பண்ணுதேன். அது நடிப்பு இல்ல.”

கேமரா ஓடியது. அம்மா முக்காடு போட்டுக் கண்ணை மூடினாள். கம்ப்யூட்டருக்காக ஜெபித்தாள். அதைத் தட்டும் விரல்களுக்காக, பஸ் டிரைவர்களுக்காக ஜெபித்தாள். பிறகு கதையை விட்டே வெளியே போய்விட்டாள். நடிகர்களின் சொந்தப் பெயர்கள் வரத் தொடங்கின.

“வன்னியராஜோட அம்மா வடிவம்மாளுக்கு முட்டு வலி ஆண்டவரே. படி ஏற முடியல. நீர் பார்த்துக்கிடும். இந்தக் கம்பெனி ஓடலேன்னாலும் இந்தப் பயலுவ நேரத்துக்குச் சாப்பிடணும்.”

‘கட்’ சொல்ல வேண்டியவன் ஹெப்ரான். அவன் தலை குனிந்து நின்றான். ஜெபத்தின் நடுவே சத்தம் போட அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கேமராமேனும் எங்கள் சபைதான். ஆறு நிமிடம் நாற்பது விநாடி. அந்த ஒலிக்கோப்பு என் கணினியில் இருக்கிறது. இந்த நாற்பத்து மூன்று நாளில் அதைத் திறக்கவில்லை.

யூடியூபில் போடுவார்கள் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். தியேட்டரில் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஹெப்ரானைக் கூப்பிட்டாள்.

“நான் ஆண்டவர்ட்ட பேசுனத கொட்டகையில போட்டுச் சிரிக்கப் போறியளோ?”

“உங்களப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க ஆன்ட்டி.”

“என்னயப் பார்த்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். ஜெபத்தப் பார்த்துல்லா சிரிப்பான். எடுத்திரு.”

எடுத்தால் படம் இல்லை. ஹெப்ரான் மூன்று வருடம் உழைத்த படத்தில் உயிரோடு இருந்தது அந்த ஒரு காட்சிதான். தியேட்டர்காரர் அதை நம்பித்தான் இடம் கொடுத்திருந்தார்.

“ரிலீசுக்கு முன்னால ஒரு காலைக் காட்சி போடுதோம்,” என்றான் ஹெப்ரான். “நீங்களே வந்து பாருங்க. ஒருத்தன் ஜெபத்தக் கேலி பண்ணாலும் வெட்டிருதேன்.”

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். கொட்டகைக்குப் போவது தவறு. ஒருவன் உழைப்பைப் பார்க்காமலே வெட்டச் சொல்வதும் தவறு. வருகிறேன் என்றாள்.

வண்ணார்பேட்டைத் தியேட்டரில் முன்னூறு பேர் இருந்தார்கள். வாசலை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கினாள். “நான் நடுவுல எந்திரிச்சுப் போனா பின்னால வராதட்டி,” என்றாள் என்னிடம்.

அந்தக் காட்சி வந்தது. ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஜெபத்தில் கத்தரி வைக்க ஹெப்ரானுக்குத் துணிவில்லை. அம்மா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்த்தாள். முதல் நிமிடம் அமைதி. இரண்டு பெண்கள் தாங்களும் முக்காடு போட்டார்கள். பிறகு ஒரு சிரிப்பு. இன்னொன்று. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. ஹெப்ரான் சுவரில் சாய்ந்துவிட்டான். அம்மா பையை எடுத்தாள்.

“ஒரு தடவை திரும்பிப் பாரும்மா,” என்றேன்.

பார்த்தாள். திரையில் அவள் கண்மூடி நின்றாள். பக்கத்தில் வன்னியராஜ் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரம் பார்த்தான். மூடினான். அவன் கை சோற்றுப் பாத்திரத்தை நோக்கி மெதுவாக நகர்ந்தது. தன் தாயின் பெயர் காதில் விழுந்ததும் கை அங்கேயே நின்றது. தலை தானாகக் குனிந்தது. இன்னொருவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

படப்பிடிப்பில் இது எதுவும் அவளுக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கண்ணை மூடியே ஜெபித்தவள். எதிரில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தாள்.

“ஏட்டி, எல்லாரும் இப்பிடித்தான் இருக்காவளா? ஐக்கியத்துலயுமா?”

“ஆமா.”

“நீயும்?”

“நானுந்தான்.”

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமும் வந்தது. திரையில் அவள் ஆமென் என்றபோது தியேட்டரே ஆமென் என்றது.

வெளியே ஹெப்ரான் அவள் முகத்தையே பார்த்தான்.

“வெட்டு,” என்றாள்.

அவன் முகம் வெளிறியது.

“முழுசா இல்லலே. நீளம். எனக்கே பசிச்சிட்டு. பாதியாக்கு. வடிவம்மாள் முட்டு வலிய மட்டும் தொடாத, அது இன்னும் சரியாவல.”

படம் இருபத்தாறு நாள் ஓடியது. ஓடும் என்று அந்தக் காலையே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நஃபீஸத் என்று ஒரு அம்மாள், மேலப்பாளையத்துக்காரர், அம்மாவை வழிமறித்தார்.

“அக்கா, என் மவனும் இப்பிடி ஒரு கம்பெனி தொடங்குதான். அவனுக்கும் துஆ கேளுங்க.”

அம்மா அங்கேயே முக்காடு போட்டாள். வெளியே வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அடுத்த காட்சிக்கு வந்தவர்களும் நின்றார்கள். தியேட்டர்காரர் செருப்பைக் கழற்றினார். அம்மா கண்ணை மூடினாள். நான் மூடவில்லை; அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய மதியக் காட்சி ஒன்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.