துவைக்காத சட்டை

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நடந்தது இது. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சீசன் நேரத்தில் காலை ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருக்களில் இளவயதுப் பெண்கள் யாரையும் பார்க்க முடியாது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அவர்களுடைய பிள்ளைகள் என் வீட்டில் இருப்பார்கள். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டேன். அப்புறம் ஒருத்தி சொல்லி ஒருத்தி கொண்டுவந்து விட, அந்த வருடம் ஏழு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். என் கணவருக்கு சிவகாசியில் பிரஸ் வேலை, மகள் ஹாஸ்டலில் படித்தாள். வீடு பகல் முழுவதும் சும்மா கிடப்பதற்குப் பிள்ளைகள் ஓடி விளையாடட்டுமே என்று இருந்தேன்.

என் வீட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். தீப்பெட்டி பரண் மேலே, டப்பாவுக்குள். அடுப்படிக்கு இடுப்பளவு கம்பிக் கதவு போட்டு, அதற்குப் பூட்டும் போட்டிருந்தேன். பிளக் துளைகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, மூடி மேல் கல். கம்பெனித் துணியோடு யாரும் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. எங்கள் பக்கம் பயம் என்றாலே நெருப்புப் பயம்தான். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வெடி விபத்தில் போனவர் படத்துக்கு மாலை தொங்கும். அந்த ஒரு பயத்திலேயே வாழ்ந்து பழகியதால் வேறு ஆபத்து எதுவும் எங்கள் கண்ணில் படுவதில்லை.

ஏழாவதாக வந்தவன் பதிமூன்று மாதப் பையன். அவன் அம்மாவுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். கம்பி மத்தாப்புச் செய்கிற இடத்தில் வேலை. கம்பிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகி, கூழ் மாதிரிக் கரைத்து வைத்திருக்கும் மருந்தில் முக்கி எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மருந்து தெறிக்கும் என்பதால் சேலைக்கு மேலே கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சட்டையின் கைகள் சாயந்தரத்துக்குள் சாம்பல் நிறத்தில் மொரமொரவென்று ஆகிவிடும்.

பையன் முதல் வாரம் முழுவதும் அழுதான். சும்மா சிணுங்கல் இல்லை. மூச்சு நின்று, உதடு நீலமாகி, அப்புறம் திரும்ப வருகிற அழுகை. அவன் ஆரம்பித்தால் மற்ற ஆறும் சேர்ந்துகொள்ளும். ஐந்தாறு வருடமாகப் பிள்ளை வளர்க்கிறவள் என்று பேரெடுத்த எனக்கு அது மானப்பிரச்சினையாகிவிட்டது. ஒரு நாள் சாயந்தரம் அவள் வேனிலிருந்து இறங்கி வந்து அவனைத் தூக்கினாள். அவன் அந்தச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனான். உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைத்தான் இன்றுவரை சுமக்கிறேன்.

"ஏத்தா, நாளைக்கு வேற சட்டை போட்டுக்கிட்டுப் போ. இத இங்கன குடுத்துட்டுப் போ. உன் வாடை இருந்தா இவன் தூங்கிருவான்."

"துவைச்சுக் கொண்டாரேன்க்கா. பூரா மருந்தா இருக்கு."

"துவைச்சா வாடை போயிரும். அப்புறம் எதுக்கு அது? துவைக்காமக் குடு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். நான் மூத்தவள், விவரம் தெரிந்தவள் என்று நினைத்திருப்பாள். கழற்றிக் கொடுத்துவிட்டாள். நான் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய், அடுப்பிலிருந்து எட்டி நின்று, நாலு தடவை உதறினேன். துவைக்கிற கல்லில் இரண்டு அடி அடித்தேன். தூசி பறந்தது. நெருப்புக்கு வேண்டிய பத்திரமெல்லாம் ஆயிற்று என்று உள்ளே கொண்டுவந்து தொட்டிலில் அவன் பக்கத்தில் போட்டேன்.

அன்றிலிருந்து அழுகை இல்லை. சட்டையின் கையைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்குவான். இரண்டு மூன்று நாளில் வாடை குறைந்து திரும்பச் சிணுங்கினால், அன்றைக்கு உடுத்திய சட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். மற்ற அம்மாக்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். எப்படிப்பட்ட பிள்ளையும் என்னிடம் அடங்கிவிடும் என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பல் முளைக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் வேன் ஏறுவதற்கு முன் வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு லீவு போட்டுறட்டுமாக்கா? பிள்ளை ஒரு மாதிரியா இருக்கான்."

"நான் இருக்கேன்ல. ஆர்டர் நேரத்துல லீவு போட்டா அப்புறம் வேலைக்குக் கூப்பிடுவானா? நீ போ."

மத்தியானம் அவனைத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. கையும் காலும் ஈரத்துணி மாதிரி விழுந்தன. கண் மட்டும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் போட்டதும் வாந்தி எடுத்தான். அழவில்லை, அழுவதற்குக்கூட அவனிடம் தெம்பில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மற்ற ஆறு பேரோடு உட்காரவைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் நம்பருக்கு நாலு தடவை அடித்து, பிள்ளையின் அம்மாவை அனுப்பச் சொன்னேன்.

டாக்டர் ஒரு இளம்பெண். எலி மருந்து, மண்ணெண்ணெய், மாத்திரை ஏதாவது வாயில் போட்டானா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "என் வீட்டுல அந்த மாதிரி சாமானே கெடையாது டாக்டர். இட்லியும் பருப்புச் சோறுந்தான் குடுத்தேன்" என்றேன். அந்த நேரத்தில் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் ஓடிவந்தாள். மருந்துச் சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லை போலிருக்கிறது. கட்டிலில் குனிந்து அவனைத் தொட்டாள். அவன் முகத்தைத் திருப்பி, அவளுடைய சட்டைக் கையை வாயால் தேடினான். பிடிக்கத் தெம்பில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. அந்தக் கையில் காய்ந்துபோயிருந்த சாம்பல் நிற மருந்தைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விளங்கிய உடனே நான் டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வராந்தாவில் இருந்த குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். போலீஸ் வருமோ என்று நினைத்தேன். ஊரில் என்ன பேசுவார்கள், இனி யார் என்னிடம் பிள்ளையை விடுவார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது நான் என் பேரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாவது இருக்கும். இதை எழுதவே கூசுகிறது.

அதற்குள் பையனின் அப்பாவும் வந்துவிட்டார். லாரி ஷெட்டில் லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. டாக்டர் வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் நிறுத்திவைத்துப் பேசினார். ரத்தத்தில் ஏதோ சத்து ரொம்பக் குறைந்துவிட்டது, இதயத்துடிப்பு சரியில்லை, மூச்சு இழுக்கிற தசையும் தளர்கிறது என்றார். "எதனாலன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

என் வாய் அப்போதுதான் திறந்தது. "தூங்குறப்ப அவுகம்மா வேலைக்குப் போடுற சட்டைக் கையச் சப்பிக்கிட்டே தூங்குவான் டாக்டர்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அதுல என்ன மருந்து இருக்கும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பச்சை உப்பு" என்றாள். பேரியம் நைட்ரேட்டைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்; பட்டாசில் போடக்கூடாது என்று தடை உள்ள சாமான் அது. ஆனாலும் சில இடங்களில் மறைத்துப் போடுவார்கள். கேட்டதும் டாக்டர் உள்ளே ஓடினார்.

அவள் கணவர் அவளை நெருங்கி வந்தார். "மருந்துச் சட்டையவா பிள்ளை வாயில குடுத்த?" என்று கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்தார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. துவைக்காமல் கொடு என்று கேட்டது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் தரையைப் பார்த்தேன். அவளும் சொல்லவில்லை.

இன்னும் கேவலம் என்னவென்றால், நான் போய் அவர் கையைப் பிடித்து, "விடுங்க தம்பி, ஆஸ்பத்திரியில வச்சா பொம்பளைய அடிப்பாக" என்று நியாயம் பேசினேன்.

அன்று சாயந்தரமே விருதுநகரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். மூன்றாம் நாள் கையை அசைத்தான். ஐந்தாம் நாள் உட்கார்ந்தான். நான் தினமும் பிளாஸ்கில் கஞ்சியோடு பஸ் ஏறிப் போனேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைத்தான் ஏசினார்கள். பெற்ற தாயே விஷம் கொடுத்த கதையாக அது ஊரெல்லாம் பரவியிருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பிள்ளையின் காலை நீவிக்கொண்டு இருப்பாள். ஒரு நாள் அவள் கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மதினி, நீங்க மட்டும் அன்னைக்குச் சட்டையப் பத்திச் சொல்லலன்னா எம்பிள்ளை போயிருப்பான்." அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் அவர்களிடம் போய்ச் சொன்னேன். இருவரையும் வைத்துக்கொண்டு, துவைத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதையும் நான் வேண்டாம் என்றதையும், குழாயடியில் நின்ற அரை மணி நேரத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அன்னைக்கே சொல்லுவீகன்னு பாத்தேன்க்கா" என்றாள்.

மற்ற அம்மாக்களிடமும் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வேலையை விட்டு வருகிறவர்கள் கொல்லையில் உடை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் இப்போது பிள்ளையைத் தொடுகிறார்கள். வேலைத் துணி எதுவும் வீட்டு வாசல்படி தாண்டாது. பிள்ளை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நடக்கிறேன்.

இருபது நாள் கழித்து ஒரு காலையில் அவளும் பையனோடு வந்து நின்றாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "வேற எங்கன விட" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லி, அவனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவளுக்கு வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

பையனுக்கு இப்போது நாலு வயது. அங்கன்வாடிக்குப் போகிறான், ஓட்டம் பிடித்தால் என்னால் பிடிக்க முடியாது. அவன் உடம்பு தேறிவிட்டது. ஆனால் என் கன்னத்தில் விழுந்திருக்க வேண்டிய அந்த அடியை அவளிடமிருந்து எப்படித் திருப்பி வாங்கிக்கொள்வது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.